ஆதிக் கிறிஸ்தவர்களை ரோம் ஏன் கொன்றது?

கி.பி. 180, ஜூலை 17. வட ஆப்பிரிக்காவில் இன்றைய துனிசியா இருக்கும் இடத்தில் அன்று கார்த்தேஜ் என்ற பெருநகரம் இருந்தது. அங்கே ரோமானிய ஆளுநர் சட்டூர்னினுஸின் விசாரணை மன்றத்தில் ஸில்லியம் என்ற சிற்றூரைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் நிறுத்தப்பட்டிருந்தார்கள். அந்த விசாரணையின் சுருக்கமான பதிவு இன்றும் நம்மிடம் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் கிறிஸ்தவர்களைப் பற்றி லத்தீனில் எழுதப்பட்டு நமக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழையது அதுதான்.

"நல்ல புத்திக்குத் திரும்பினால் பேரரசரின் மன்னிப்பு உங்களுக்குக் கிடைக்கும்" என்று ஆளுநர் தொடங்குகிறார். ஸ்பெராட்டஸ் என்பவர் எல்லோர் சார்பிலும் பதில் சொல்கிறார். தாங்கள் யாருக்கும் தீங்கு செய்ததில்லை என்கிறார். தான் திருடியதில்லை, எதை வாங்கினாலும் அதற்கான வரியைக் கட்டிவிடுகிறேன் என்கிறார். ஆளுநர் விடுவதாக இல்லை. "நாங்களும் பக்தி உள்ளவர்கள்தாம். எங்கள் பக்தி எளிமையானது. பேரரசரின் காவல் தெய்வத்தின் பேரில் சத்தியம் செய்கிறோம், அவர் நலனுக்காக வேண்டிக்கொள்கிறோம். நீங்களும் அதைச் செய்ய வேண்டியதுதானே?"

டொனாட்டா என்ற பெண் சொல்கிறார்: "சீசருக்குச் சீசருக்குரிய மரியாதை தருகிறோம். அச்சம் மட்டும் கடவுளுக்கே." செகுந்தா என்ற இன்னொரு பெண், "நான் எதுவாக இருக்கிறேனோ, அதுவாகவே இருக்க விரும்புகிறேன்" என்கிறார். யோசித்துப் பார்க்க முப்பது நாள் தருகிறேன் என்கிறார் ஆளுநர். ஒருவரும் ஏற்கவில்லை. தீர்ப்பு வாசிக்கப்படுகிறது: ரோமானியர் வழக்கத்துக்குத் திரும்ப வாய்ப்பளித்தும் பிடிவாதமாக நின்றதால் வாளுக்கு இரையாக வேண்டும். பன்னிரண்டு பேரும் "கடவுளுக்கு நன்றி" என்று சொல்லிச் சாகிறார்கள்.

ஆதித் திருச்சபையின் மறைசாட்சிகளை, அதாவது நம்பிக்கைக்காக உயிர் கொடுத்தவர்களைப் பற்றி அறிய விரும்புகிறவருக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இந்த விசாரணையைத்தான். வெறிபிடித்த கொடுங்கோலன் யாரும் இதில் இல்லை. நீதிபதி திரும்பத் திரும்ப விடுவிக்கப் பார்க்கிறார். அவர் கேட்பது ஒரு சத்தியம், ஒரு வேண்டுதல். அவ்வளவு சிறிய ஒன்றை அரசு ஏன் உயிர்போகும் விஷயமாக்கியது? அவ்வளவு சிறிய ஒன்றை இவர்கள் ஏன் செய்ய மறுத்தார்கள்? இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

தெய்வங்களோடு ஓர் உடன்பாடு

ரோம் புதிய தெய்வங்களைக் கண்டு மிரளும் நாடு அன்று. சிற்றாசியாவின் சிபெலேயை கி.மு. 204-இல் அரசே அழைத்துவந்து நகருக்குள் குடியேற்றியது. மித்ராவுக்கும் எகிப்தின் ஐசிஸுக்கும் பேரரசெங்கும் வழிபாட்டிடங்கள் இருந்தன. பிறகு இயேசு ஒருவருக்கு மட்டும் ஏன் இடமில்லாமல் போனது?

ரோமானியர்களின் சமயத்தில் ஒருவர் மனதுக்குள் என்ன நம்புகிறார் என்பதை யாரும் பெரிதாகக் கேட்டதில்லை. உரிய நாளில் உரிய தெய்வத்துக்கு உரிய பலி செலுத்தப்பட்டதா என்பதே கேள்வி. அது முறையாக நடந்தால் தெய்வங்கள் ஊரைக் காக்கும், படைகள் வெல்லும், விளைச்சல் பொய்க்காது. நம் கிராமங்களில் ஊர்க் கோயில் கொடைக்கு எல்லா வீடும் வரி கொடுத்திருக்கும்போது, ஒரு குடும்பம் மட்டும் "எங்களுக்கு அந்தச் சாமி சாமியே இல்லை" என்று சொல்லிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு மழையும் பொய்த்துவிட்டால் ஊர் யாரைப் பார்க்கும்?

கார்த்தேஜைச் சேர்ந்த டெர்ட்டுல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் 197-ஆம் ஆண்டையொட்டி இதைக் கோபத்தோடு எழுதினார். டைபர் நதி கரையை மீறினாலும், நைல் நதி வயலுக்கு ஏறாமல் போனாலும், வானம் பொய்த்தாலும், நிலம் அதிர்ந்தாலும், பஞ்சமோ கொள்ளைநோயோ வந்தாலும், உடனே எழும் கூச்சல் ஒன்றுதான் என்றார் அவர்: "கிறிஸ்தவர்களைச் சிங்கத்துக்குப் போடு!"

மற்றவர்கள் பார்வையில் கிறிஸ்தவர்கள் நாத்திகர்கள். கோயில் இல்லை, சிலை இல்லை, பலிபீடம் இல்லை. மற்றவர்கள் வணங்கும் தெய்வங்களைப் பேய்கள் என்றும் சொன்னார்கள். ஐசிஸை வணங்கியவர் ஜூபிட்டருக்கும் பலியிட்டார். கிறிஸ்தவரால் அது முடியாது. இஸ்ரயேலின் கடவுளைத் தவிர வேறெவரையும் வணங்கலாகாது என்ற கட்டளையை அவர்கள் யூத மரபிலிருந்தே பெற்றிருந்தார்கள்.

அப்படியானால் யூதர்கள்? அவர்களும் பலியிட மறுத்தவர்கள்தாம். ஆனால் ரோமானியர்கள் பழமையை மதித்தார்கள். யூதர்களின் வழக்கம் எவ்வளவு விசித்திரமாகத் தோன்றினாலும் அது முன்னோர் வழி வந்தது. 66-ஆம் ஆண்டின் கிளர்ச்சி வரை எருசலேம் ஆலயத்தில் பேரரசரின் நலனுக்காகத் தங்கள் கடவுளுக்கே அவர்கள் தினமும் பலி செலுத்தியும் வந்தார்கள். கிறிஸ்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவர்களுடையது நேற்று முளைத்த கூட்டம். அதைத் தொடங்கியவரோ, ரோமானிய ஆளுநர் ஒருவரால் சிலுவையில் அறையப்பட்டவர். யூதரல்லாத பலர் தங்கள் முன்னோரின் தெய்வங்களைக் கைவிட்டு அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். தெய்வத்தைக் கைவிட்டவர் குடும்பத்தையும் ஊரையும் கைவிட்டவராகவே எண்ணப்பட்டார்.

வதந்திகள் இன்னும் மோசமானவை. விடியுமுன் கூடுகிறார்கள், கதவைச் சாத்திக்கொள்கிறார்கள், அப்பமும் திராட்சை இரசமும் பகிரும் தங்கள் வழிபாட்டைப் பற்றி "உடலை உண்டு இரத்தத்தைப் பருகுகிறோம்" என்கிறார்கள், கணவனும் மனைவியும்கூட ஒருவரையொருவர் சகோதரன், சகோதரி என்று அழைக்கிறார்கள். இவற்றையெல்லாம் கோத்து, குழந்தையைக் கொன்று தின்கிறார்கள் என்றும் முறைகெட்ட உறவு கொள்கிறார்கள் என்றும் ஊர் பேசியது. 177-இல் பிரான்சின் லியோன் நகரில் நடந்த வன்முறைக்கு இந்தப் பேச்சே எண்ணெய் ஊற்றியது. அங்கே தொண்ணூறு வயதைக் கடந்த ஆயர் பொத்தினுஸ் அடிபட்டுச் சிறையில் இறந்தார். பிளாண்டினா என்ற அடிமைப் பெண்ணைச் சித்திரவதை செய்தவர்கள் மாறிமாறி வேலை பார்த்து ஓய்ந்துபோனார்கள். அவர் சொன்னது இவ்வளவுதான்: "நான் கிறிஸ்தவள். எங்களிடம் எந்தத் தீச்செயலும் நடப்பதில்லை."

நீரோவும் பிளினியும்

வேதகலாபனை, அதாவது கிறிஸ்தவர்கள்மேல் நடந்த கொடுமை, என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவர் பேரரசர் நீரோ. 64-ஆம் ஆண்டு ஜூலையில் ரோம் நகரம் பற்றி எரிந்தது. பதினான்கு வட்டாரங்களில் பத்து பாதிக்கப்பட்டன. நீரோவே தீ வைத்தான் என்ற பேச்சு அடங்காததால் அவன் பழியைக் கிறிஸ்தவர்கள்மேல் போட்டான் என்று வரலாற்றாசிரியர் தாசிட்டஸ் எழுதுகிறார். விலங்குத் தோல் போர்த்தி நாய்களுக்கு விட்டார்கள், சிலுவையில் அறைந்தார்கள், பொழுது சாய்ந்ததும் விளக்குகளாக எரித்தார்கள். தாசிட்டஸுக்குக் கிறிஸ்தவர்கள்மேல் துளியும் நல்லெண்ணம் கிடையாது. அவரே மக்களுக்கு இவர்கள்மேல் இரக்கம் பிறந்தது என்கிறார். திருத்தூதர்கள் பேதுருவும் பவுலும் ரோமில் கொல்லப்பட்டது இந்த நீரோவின் காலத்தில்தான் என்பது திருச்சபையின் பழைய மரபு.

ஆனால் நீரோவின் செயல் ஒரு நகரத்துக்குள் முடிந்துபோனது. பிரச்சினையின் உண்மையான வடிவத்தை அறிய ஐம்பது ஆண்டுகள் தள்ளி, கருங்கடல் கரையில் பித்தினியா மாகாணத்துக்குப் போக வேண்டும். 112-ஆம் ஆண்டையொட்டி அங்கே ஆளுநராக இருந்த பிளினி, பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் என்று பலரை மக்கள் இழுத்து வருகிறார்கள். "நீ கிறிஸ்தவனா?" என்று மூன்று முறை கேட்கிறேன், மூன்று முறையும் ஆம் என்றால் தண்டிக்கிறேன். மறுப்பவர்கள் தெய்வங்களை அழைத்து, உங்கள் உருவச்சிலைக்குச் சாம்பிராணியும் திராட்சை இரசமும் படைத்து, கிறிஸ்துவைச் சபித்தால் விட்டுவிடுகிறேன். ஆனால் நான் தண்டிக்க வேண்டியது கிறிஸ்தவர் என்ற பெயரையா, அந்தப் பெயரோடு வரும் குற்றங்களையா?

குற்றம் இருக்கிறதா என்று அவர் தேடியும் பார்த்தார். திருத்தொண்டர்களாக, அதாவது சபைப் பணியாளர்களாக, இருந்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்தார். குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்துப் பாடுகிறார்கள். திருடுவதில்லை, பிறன்மனை நாடுவதில்லை, நம்பிக் கொடுத்த பொருளை ஏமாற்றுவதில்லை என்று உறுதியெடுக்கிறார்கள். பிறகு சாதாரண உணவை உண்கிறார்கள். விசாரணையில் வெளிவந்தது இவ்வளவே. அதே கடிதத்தில், கோயில்கள் வெறிச்சோடியிருந்தன, பலி இறைச்சியை வாங்க ஆளில்லாமல் இருந்தது, இப்போது நிலைமை தேறுகிறது என்றும் எழுதுகிறார். யார் புகார் கொடுத்திருப்பார்கள் என்பதை அந்த வரி எனக்கு உணர்த்துகிறது.

அரசுக்கு இன்னொரு பயமும் இருந்தது. மக்கள் சங்கமாகக் கூடுவதே டிராஜனுக்குப் பிடிக்காது. நிக்கோமீடியா நகரில் நூற்றைம்பது பேர் கொண்ட தீயணைப்புக் குழு ஒன்றை அமைக்கட்டுமா என்று இதே பிளினி கேட்டபோது, எந்தப் பெயரில் கூடினாலும் அது அரசியல் கூட்டமாகிவிடும் என்று மறுத்தவர் அவர். கிறிஸ்தவர்கள் விஷயத்தில் அவருடைய பதில் சுருக்கமானது: தேடிப் பிடிக்க வேண்டாம். புகார் வந்து உறுதியானால் தண்டிக்கலாம். மறுத்து நம் தெய்வங்களை வணங்கினால் மன்னிக்கலாம். பெயரில்லாத புகார்களை ஏற்கக் கூடாது.

அடுத்த நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு நடைமுறை ஏறக்குறைய இதுதான். பல ஆண்டுகள் எதுவும் நடக்காது. ஒரு நிலநடுக்கம், ஒரு கொள்ளைநோய், ஒரு பகைகொண்ட அண்டை வீட்டார், கூட்டத்துக்கு வளைந்துகொடுக்கும் ஓர் ஆளுநர் என்று ஏதோ ஒன்று வாய்த்தால் ஒரு நகரில் சிலர் சாவார்கள். முந்நூறு ஆண்டுகள் இடைவிடாமல் வேட்டையாடப்பட்டார்கள், நிலத்தடிச் சுரங்கங்களில் ஒளிந்து வாழ்ந்தார்கள் என்பதெல்லாம் பிற்காலக் கற்பனை. ரோமின் கட்டகோம்புகள் கல்லறைகள்; குடியிருந்த இடங்கள் அல்ல.

டெர்ட்டுல்லியன் இந்தச் சட்டத்தின் முரணைப் பிடித்துக்கொண்டார். மற்றக் குற்றவாளிகளை "செய்தேன்" என்று ஒப்புக்கொள்ளும்வரை வதைக்கிறீர்கள். எங்களை மட்டும் "இல்லை" என்று மறுக்கும்வரை வதைக்கிறீர்கள். இதைவிடக் கூர்மையாக அந்த அநீதியை யாரும் சொல்லிவிடவில்லை என்றே நினைக்கிறேன்.

ஏன் பணியவில்லை?

ஸ்மிர்னா நகரின், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மீர் நகரின், ஆயர் பொலிகார்ப் 155-ஆம் ஆண்டையொட்டிக் கைதானார். பிடிக்க வந்தவர்களுக்கு உணவு பரிமாறச் சொல்லிவிட்டு, செபிக்க ஒரு மணி நேரம் கேட்டார். வண்டியில் ஏற்றிக்கொண்ட காவல் அதிகாரி, "சீசரே ஆண்டவர் என்று சொல்லிச் சாம்பிராணி போடுவதில் என்ன குறைந்துவிடப் போகிறது?" என்று இதமாகவே கேட்டுப்பார்த்தார். மைதானத்தில் ஆளுநரும் அவருடைய முதுமையைக் காட்டிக் கெஞ்சினார். கிறிஸ்துவைத் தூற்று, விட்டுவிடுகிறேன் என்றார். பொலிகார்ப்பின் பதில்: "எண்பத்தாறு ஆண்டுகள் அவருக்கு ஊழியம் செய்திருக்கிறேன். அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. என்னை மீட்ட என் அரசரை நான் எப்படித் தூற்றுவேன்?"

அந்தப் பதிலில் வாதம் இல்லை, விசுவாசம் இருக்கிறது. கிறிஸ்தவர்கள் இயேசுவை "ஆண்டவர்" என்றும் "அரசர்" என்றும் அழைத்தது அவர்களுக்கு அலங்காரப் பேச்சு அல்ல. பேரரசருக்காகச் செபித்தார்கள், வரி கட்டினார்கள். வழிபாட்டை மட்டும் பங்குபோட மறுத்தார்கள். இயேசுவே துன்புற்று இறந்து உயிர்த்தவர் என்பதால், அவரைப்போலச் சாவது அவரோடு வாழ்வதற்கான வழி என்று உறுதியாக நம்பினார்கள். அதே சமயம் சாவைத் தேடிப் போவதைத் திருச்சபை ஊக்குவிக்கவில்லை. பொலிகார்ப்பின் மரணத்தை விவரிக்கும் அதே மடல், தானாகப் போய் நின்ற குயிந்துஸ் என்பவர் விலங்குகளைக் கண்டதும் பயந்து பலியிட்டதைச் சொல்லி, இப்படித் தாமாக முன்வருவதை நாங்கள் பாராட்டுவதில்லை என்கிறது.

இந்த மனவுறுதியை உள்ளிருந்து காட்டும் ஓர் அரிய குரல் பெர்பெத்துவாவினுடையது. 203-ஆம் ஆண்டு மார்ச் 7-இல் கார்த்தேஜில் இறந்தபோது அவருக்கு ஏறக்குறைய இருபத்திரண்டு வயது. நல்ல குடும்பம், படித்தவர், கையில் பால்குடிக் குழந்தை. சிறையில் அவர் எழுதிவைத்த குறிப்புகள் பிழைத்திருக்கின்றன. கிறிஸ்தவப் பெண் ஒருவர் தன் கைப்பட எழுதி நமக்குக் கிடைத்த மிகப் பழைய எழுத்துகளில் அவை சேரும். தந்தை வந்து மன்றாடுகிறார். பெர்பெத்துவா ஒரு குடத்தைக் காட்டி, "இதை வேறு பெயரால் அழைக்க முடியுமா?" என்று கேட்கிறார். முடியாது என்கிறார் தந்தை. "அதுபோலத்தான். கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறெதையும் நான் என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது."

விசாரணையில், "தந்தையின் நரையைப் பார், பச்சைக் குழந்தையைப் பார், பேரரசர்களின் நலனுக்காகப் பலியிடு" என்கிறார் அதிகாரி ஹிலாரியானுஸ். மாட்டேன் என்கிறார் பெர்பெத்துவா. அவர் மனதை மாற்ற மீண்டும் முயன்ற தந்தையை, அதிகாரியின் உத்தரவில் பிரம்பால் அடிக்கிறார்கள். அந்த அடி தன்மேல் விழுந்ததுபோல வலித்தது என்று மகள் எழுதுகிறார். அப்பாவின் முதுமைக்காக அழும் அந்த வரிகளைப் படித்தபின் மறைசாட்சிகளைக் கல்மனம் படைத்தவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

அவரோடு இருந்த அடிமைப் பெண் பெலிசித்தா எட்டு மாதக் கர்ப்பிணி. சிறையிலேயே ஒரு பெண் குழந்தையைப் பெற்றார். பிரசவ வலியில் கதறியபோது காவலன் ஒருவன், "இதற்கே இப்படி அழுகிறாயே, விலங்குகள்முன் என்ன செய்வாய்?" என்று கேட்டான். "இப்போது படும் பாட்டை நான் படுகிறேன். அப்போது எனக்குள் இருந்து எனக்காகப் படுபவர் வேறொருவர்" என்றார் பெலிசித்தா. பெருங்குடிப் பெண்ணும் அடிமைப் பெண்ணும் அரங்கில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். ரோமானியச் சமூகத்துக்கு இந்தச் சமயம் ஏன் உறுத்தலாக இருந்தது என்பதற்கு அதுவும் ஒரு விடை.

சான்றிதழ் கேட்ட பேரரசர்

249-இல் ஆட்சிக்கு வந்த டேசியஸ் நிலைமையை அடியோடு மாற்றினார். எல்லையில் கோத்தியர்கள் என்ற ஜெர்மானிய இனத்தாரின் படையெடுப்பு, உள்ளே அடிக்கடி மாறும் பேரரசர்கள். தெய்வங்களின் தயவை மீட்க, பேரரசில் உள்ள அனைவரும் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டார். யூதர்களுக்கு மட்டும் விலக்கு. 212-இல் பேரரசர் கரக்கல்லா சுதந்திர மக்கள் அனைவருக்கும் குடியுரிமை கொடுத்திருந்ததால் "அனைவரும்" என்று சொல்ல இப்போது வழி இருந்தது. பலியிட்டதற்கு அதிகாரிகள் முன்னிலையில் எழுத்துச் சான்றிதழ் பெற வேண்டும்.

எகிப்தின் வறண்ட மண்ணில் அப்படிப்பட்ட பாப்பிரஸ் சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று 250 ஜூன் மாதத்தது. அவுரேலியுஸ் தியோகெனிஸ் என்ற கிராமவாசி, வயது 72, வலது புருவத்தில் தழும்பு. "நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் ஆணைப்படி பலியிட்டு, பானம் ஊற்றி, பலி உணவை ருசித்தேன், சான்றளிக்க வேண்டுகிறேன்." முதலை தெய்வத்தின் பூசாரிணி ஒருவரும் இதேபோல் சான்றிதழ் வாங்கியிருக்கிறார். ஆணை கிறிஸ்தவர்களை மட்டும் குறிவைத்து எழுதப்படவில்லை என்பதற்கு அந்தத் தாள் சாட்சி. ஆனால் அது அவர்களை மாட்டிவிட்டது.

ரோமின் ஆயர் பேபியன் 250 ஜனவரியில் இறந்தார். மாபெரும் அறிஞர் ஒரிஜன் சித்திரவதைக்குள்ளாகி, சில ஆண்டுகளில் அதன் பாதிப்போடு காலமானார். ஆனால் பெரும்பாலோர் மறைசாட்சிகள் ஆகவில்லை. கார்த்தேஜில் கைதுக்குக்கூடக் காத்திராமல் மக்கள் பலிபீடத்துக்கு விரைந்ததை அந்நகர ஆயர் சிப்ரியன் வேதனையோடு எழுதியிருக்கிறார். சிலர் பலியிட்டார்கள், சிலர் சாம்பிராணி மட்டும் போட்டார்கள், சிலர் எதுவும் செய்யாமல் காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். புயல் ஓய்ந்தபின் அவர்கள் அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள். சேர்த்துக்கொள்வதா, வேண்டாமா? தவம் செய்யவைத்துச் சேர்ப்பது என்று திருச்சபை முடிவெடுத்தது. ஏற்காதவர்கள் நோவாசியன் என்பவர் தலைமையில் ரோமில் பிரிந்துபோனார்கள். பயந்தவர்களுக்கும் இடம் உண்டு என்ற அந்த முடிவு, மறைசாட்சிகளின் துணிவுக்குச் சற்றும் குறையாத பெருமை உடையது என்பேன்.

பேரரசர் வலேரியன் 257-258-இல் தலைவர்களைக் குறிவைத்தார். ரோமின் ஆயர் இரண்டாம் சிக்ஸ்துஸும், அவருடைய திருத்தொண்டர் லாரன்ஸும், கார்த்தேஜின் சிப்ரியனும் சில வாரங்களுக்குள் கொல்லப்பட்டார்கள். இரும்புக் கட்டிலில் வாட்டப்பட்டதாகச் சொல்லப்படும் லாரன்ஸின் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அரசாணை குருக்களை உடனடியாகக் கொல்லச் சொன்னது, அதனால் அந்தக் கதையை ஆய்வாளர்கள் ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். தமிழ்க் குடும்பங்களில் இன்றும் சூட்டப்படும் ஆக்னஸ், லூசி, சிசிலியா, செபஸ்தியான் ஆகிய பெயர்களுக்குரிய மறைசாட்சிகளுக்கும் இது பொருந்தும். அவர்களுக்குச் செலுத்தப்படும் வணக்கம் பழையது, நாம் கேட்டு வளர்ந்த விரிவான கதைகள் பல தலைமுறை கழித்து எழுதப்பட்டவை.

கடைசியும் கொடியதுமான அலை 303 பிப்ரவரி 23-இல் பேரரசர் டயோக்ளீஷியன் காலத்தில் தொடங்கியது. ஆலயங்கள் இடிக்கப்பட்டன, மறைநூல்கள் எரிக்கப்பட்டன, பிறகு எல்லோரும் பலியிட வேண்டும் என்ற ஆணையும் வந்தது. எகிப்தும் பாலஸ்தீனமும் அதிகம் பட்டன. எகிப்தின் கோப்துத் திருச்சபை டயோக்ளீஷியன் அரியணை ஏறிய 284-ஐ முதலாண்டாகக் கொண்டு, "மறைசாட்சிகளின் ஆண்டு" என்று இன்றும் காலத்தைக் கணக்கிடுகிறது.

இந்த வேதகலாபனையை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான பேரரசர் கலேரியஸ், 311 ஏப்ரலில் நோயில் கிடந்தபடி அதை நிறுத்தி ஆணையிட்டார். கிறிஸ்தவர்கள் மீண்டும் கூடலாம். ஆனால் எங்கள் நலனுக்காகவும் நாட்டின் நலனுக்காகவும் அவர்கள் தங்கள் கடவுளிடம் வேண்டிக்கொள்ள வேண்டும் என்றார். வழிபாடு சரியாக இருந்தால் அரசு நிலைக்கும் என்ற பழைய எண்ணம் அப்படியே இருக்கிறது. தெய்வங்களின் பட்டியலில் ஒன்று கூடியிருக்கிறது. 313-இல் பேரரசர்கள் கான்ஸ்டன்டைனும் லிசினியஸும் அனைவருக்கும் வழிபாட்டு உரிமை தந்து, பறித்த சொத்துகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள்.

அந்த எண்ணம் கிறிஸ்தவப் பேரரசர்களிடமும் தொடர்ந்தது. சமயத்தைக் கட்டாயப்படுத்துவது சமயத்தின் இயல்பே அன்று என்று டெர்ட்டுல்லியன் 212-ஐ ஒட்டி ஓர் ஆளுநருக்கு எழுதியிருந்தார். 391-இல் பேரரசர் தியோதோசியஸ் பழைய தெய்வங்களுக்குப் பலியிடுவதைத் தடை செய்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 385-ஐ ஒட்டி, ஸ்பெயின் நாட்டு ஆயர் பிரிசில்லியன் சக ஆயர்கள் சிலரின் முறையீட்டால் டிரியர் நகரில் மாந்திரீகக் குற்றம் சாட்டப்பட்டு, கிறிஸ்தவப் பேரரசர் மாக்சிமுஸின் ஆணையில் தலை வெட்டப்பட்டார். தூர்ஸ் நகர ஆயர் மார்ட்டின் இரத்தம் சிந்த வேண்டாம் என்று பேரரசரிடம் நேரில் மன்றாடியிருந்தார். அவர் டிரியரில் இருந்தவரை விசாரணை தள்ளிப்போடப்பட்டது. அவர் ஊர் திரும்பியதும் நடத்தி முடிக்கப்பட்டது.